டிரஸ்ட் ஆரம்பிக்கணும் மேடம்

பத்திர எழுத்து என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கிரயம், அடமானம், பாகப்பிரிவினை. திருச்சியில் என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. நடுநடுவே வேறொரு வகை ஆட்கள் வருவார்கள். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். காலண்டரைப் பார்ப்பார்கள், காப்பி வேண்டாம் என்பார்கள், தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். பிறகுதான் வரும்: "நாலு பேருக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை மேடம். ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கணும்." சொத்துத் தகராறோடு வருகிறவர்கள் குரலை உயர்த்திப் பேசுவார்கள். நல்லது செய்ய வருகிறவர்கள், கைமாற்றுக் கேட்க வந்த மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு பேசுவார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருவார். சவூதியில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர் வருவார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட பெரியம்மா வருவார். விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர் அவன் போட்டோவை பர்ஸில் வைத்துக்கொண்டு வருவார். பணம் சேர்ந்ததால் வருகிறவர்களைவிட துக்கம் நேர்ந்ததால் வருகிறவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். அதனால் இந்தப் பத்திரத்தைக் கிரயப் பத்திரம் எழுதுகிற வேகத்தில் எழுத வராது.

வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் வேறொரு டிரஸ்ட்டின் பத்திர நகல் இருக்கும். "இதே மாதிரி அடிச்சுக் குடுத்திடுங்க மேடம், பேரை மட்டும் மாத்தினா போதும்." அந்த நகலில் 'நோக்கங்கள்' என்ற பகுதி மூன்று பக்கத்துக்குப் போகும். ஏழை மாணவர் கல்வி, மருத்துவமனை கட்டுதல், முதியோர் இல்லம், மரம் நடுதல், கோசாலை, யோகா, கணினிப் பயிற்சி, பேரிடர் நிவாரணம், கிராமியக் கலை வளர்ச்சி. உலகத்தில் உள்ள குறை அத்தனையும் எண் போட்டு வரிசையாக நிற்கும். நகலின் நகலின் நகல் என்று வந்ததில் எழுத்துப்பிழைகூட மாறாமல் வரும். 'நலிவுற்றோர்' என்பது 'நலிவுற்றேர்' ஆகி, ஊர் ஊராகப் போய் என் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது.

அப்படி நீட்டி எழுதக் காரணம் இல்லாமல் இல்லை. நோக்கத்தைப் பிற்பாடு மாற்றுவது லேசான காரியமல்ல. வருமான வரித்துறையில் பதிவு வாங்கிய பிறகு நோக்கத்தைத் திருத்தினால் முப்பது நாளுக்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். எதற்கு வம்பு, எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதுகிறவரும் நினைப்பார், எழுதச் சொல்கிறவரும் நினைப்பார். நான் தொழில் கற்றுக்கொண்ட ஆடிட்டர் ஆபீஸில் இருந்த பெரியவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் பத்தியில் ஒரே ஒரு வேலை: யாருக்கு, எங்கே, என்ன. இரண்டாவது பத்தியில் அந்த வேலையை ஒட்டிய பொது நோக்கம், நாளைக்குச் சற்று விரித்துக்கொள்ள இடம் விட்டு. இரண்டாவது பத்தி சட்டத்துக்கு, முதல் பத்தி டிரஸ்டிகளுக்கு. ஐந்து வருடம் கழித்து டிரஸ்டிகளுக்குள் சண்டை வரும்போது அவர்கள் எடுத்துப் படிக்கப்போவது முதல் பத்தியைத்தான். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

அந்த முதல் பத்தியை வாங்குவதற்குள் மூன்று நான்கு தடவையாவது உட்கார வேண்டியிருக்கும். ஆசையைக் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "யாருக்கு?" என்று கேட்டால்தான் திணறுவார்கள். "ஏழைகளுக்கு" என்பார்கள். எந்த ஏழை? உங்கள் தெருவில் இருக்கிறவரா, ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கிறவரா, கணவனின் குடியால் எல்லாவற்றையும் இழந்துவிட்டுத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவரா? அவருக்கு இப்போது யார் உதவுகிறார்கள்? நீங்கள் போய் நிற்பதால் எது மாறும்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்த வேலையை யார் செய்வார்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் வந்தார். பென்ஷன் பணத்தில் ஒரு பங்கையும், அம்மா விட்டுப்போன நகையை விற்ற பணத்தையும் வைத்துக்கொண்டு அம்மா பெயரில் டிரஸ்ட் வேண்டும் என்றார். நோக்கம்? "ஏழை நோயாளிகளுக்கு உதவி." மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே, "மாத்திரை அங்கயே குடுக்கிறாங்கல்ல" என்றார். சரி, சாப்பாடு? மதியம் அன்னதானம் போட அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அதுவும் வெள்ளிக்கிழமை, அமாவாசை என்றால் சாப்பிட ஆள் போதாமல் சோறு மிஞ்சும் என்றும் அவரே சொன்னார். அந்த ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு வார்டும் அவருக்கு அத்துப்படி. அவர் ஆசைக்கும் அவருக்குத் தெரிந்ததற்கும் இடையில் ஒரு சுவர் மட்டும் எப்படியோ எழும்பியிருந்தது. இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் ஒரு இடத்தில் வேலை பார்த்திருப்பார்கள், தர்மம் என்று வந்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டு சினிமாவில் பார்த்த உதவியைச் செய்யக் கிளம்புவார்கள்.

"நீங்க டியூட்டியில இருந்தப்போ, இது நம்ம கையில இல்லையேன்னு உங்களுக்கு எரிச்சல் வந்தது எது அக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டயாலிசிஸ் வார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை வரவேண்டும். வந்தால் மெஷினில் நாலு மணி நேரம். சிகிச்சை இலவசம், முதலமைச்சர் காப்பீட்டில் போய்விடும். துறையூருக்கு அந்தப் பக்கம், மணப்பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தெல்லாம் வருவார்கள். திடீரென்று ஒருத்தர் ஒரு வாரம் வர மாட்டார். அடுத்த வாரம் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு எமர்ஜென்சியில் வந்து படுப்பார். ஏன்யா வரல என்று திட்டினால் தலையைக் குனிந்துகொள்வார். "மெஷின் ஃப்ரீ, ஊசி ஃப்ரீ. பஸ்ஸு ஃப்ரீ இல்லைல்ல மேடம்" என்றார் அக்கா. பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். மொபசல் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஆணுக்குப் பொதுவாக எதிலும் இல்லை. தனியாகவும் அனுப்ப முடியாது, திரும்பிப் போகும்போது தலை சுற்றும். கூட வருகிற மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய கூலி போயிற்று. வாரத்தில் மூன்று நாள் கூலி போனால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்?

முதல் பத்தி அன்றைக்கே எழுதிவிட்டேன். அரசு மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வரும் நோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் போக்குவரத்துச் செலவும் அன்றைய உணவும். அவ்வளவுதான். படித்துக் காட்டியதும் அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "இவ்வளவு சின்னதாவா?" என்றார். ஒரு நோயாளிக்கு மாதம் எத்தனை தடவை, ஒரு தடவைக்கு இரண்டு பேருக்குப் போகவர எவ்வளவு டிக்கெட், சாப்பாடு எவ்வளவு என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். கையிலுள்ள பணத்தின் வட்டிக்கு எத்தனை நோயாளி வருவார்கள் என்று பார்த்தபோது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். அப்போதுதான் அவருக்கு அது சின்ன வேலை இல்லை என்று பட்டது.

அரசாங்கம் எதையெல்லாம் தருகிறது என்று தெரியாமல் தர்ம காரியத்தில் இறங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் கொடுக்கிறார்கள். மதியச் சத்துணவு 1982 முதல் விரிந்த வடிவில் நடக்கிறது, காலை உணவு 2022-ல் வந்துவிட்டது. ஆனாலும் ஜூன் மாதம் பிறந்தால் பையும் நோட்டும் கொடுத்து போட்டோ எடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. அமரர் ஊர்தி வாங்கிவிட வேண்டும் என்று ஒருவர் வந்தார். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீடுவரை கொண்டுபோய் விட இலவச ஊர்தி ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னபோது அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அரசு தருவதற்கும் ஆள் கைக்கு அது போய்ச் சேருவதற்கும் நடுவில் ஒரு வருமானச் சான்றிதழ், ஒரு ஆதார் திருத்தம், ஒரு பஸ் டிக்கெட், அரை நாள் லீவு என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும். சின்ன டிரஸ்ட்டுக்கான வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதில் போட்டோ நன்றாக வராது என்பதுதான் கஷ்டம்.

எல்லா ஆசையிலும் பெரிய ஆசை 'இல்லம்'. அநாதைக் குழந்தைகளை வைத்து வளர்க்க வேண்டும், பத்துப் பிள்ளைகள் போதும், என் வீட்டு மாடியே காலியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அந்த ஆசையின் ஈரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எந்தக் குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதும் குழந்தைகள் நலக் குழுதான், நாம் அல்ல. "நல்லது செய்றதுக்கு எதுக்கு மேடம் லைசென்ஸ்?" என்று கோபப்படுகிறவர்களிடம் ஏர்வாடியைச் சொல்வேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் 'பார்த்துக்கொள்கிறார்கள்' என்று நம்பித்தான் விட்டுப் போயிருந்தன.

இன்னொன்றும் சொல்வேன். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வளர்க்க வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட குழந்தை வீட்டிலேயே வளர, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. கணவனை இழந்த தாய் ஒருத்திக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பணம் வரும்வரை விடாமல் தொடர்ந்து கேட்டால், ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் அம்மாவிடமே இருக்கும். மாடியைக் காலி செய்யக்கூடத் தேவையில்லை. இதைக் கேட்டு மனம் மாறினவர்களும் உண்டு. வேறு ஆளிடம் போய்ப் பத்திரம் எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

பத்திர வாசகம் முடிவானபின் வருகிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டிரஸ்ட்டை ஏற்படுத்துகிறவர் ஒரு தொகையை டிரஸ்டிகளிடம் ஒப்படைத்தால்தான் அது டிரஸ்ட். பெரும்பாலும் ஆயிரம் ரூபாய் வைப்பார்கள். இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள், அவ்வளவுதான். மேசைமேல் அதை வைக்கச் சொல்வேன். எடுத்து இன்னொரு டிரஸ்டி கையில் கொடுக்கச் சொல்வேன். சட்டத்துக்கு இந்தச் சடங்கு தேவையில்லை, பத்திரத்தில் எழுதினால் போதும். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் இனி உங்களுடையது இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பின்னால் பல சங்கடங்கள் தவிரும். பொது அறக்கட்டளையை நினைத்தபோது ரத்து செய்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. டிரஸ்ட் பணத்தில் நிறுவனருக்கோ அவர் உறவுக்கோ ஆதாயம் போனால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடும். தம்பி மகனுக்கு அளவுக்கு மீறிய சம்பளம், சொந்தக் கட்டடத்துக்கு ஊர் வாடகையைவிட அதிக வாடகை, டிரஸ்ட் வேனில் குடும்பத்தோடு குலதெய்வக் கோயில் எல்லாம் இதில் அடங்கும். "எம்பணத்தை நான் போட்டு நான் நடத்துறேன், என்னை யார் கேக்கிறது?" என்பார்கள். பத்திரம் பதிவான நிமிடத்திலிருந்து கேட்க ஆள் உண்டு. அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

பச்சையப்ப முதலியார் கதையை இந்தக் கட்டத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து பெரும் பணம் சேர்த்தவர். 1794-ல் நாற்பது வயதில் காலமானார். கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் என்று உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். உயில் இருந்தது, பணம் இருந்தது, தர்மம் மட்டும் நடக்கவில்லை. நிர்வாகம் பார்த்தவர்கள் கையில் பணம் சிக்கியது, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1832-ல்தான் அன்றைய மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. அதற்குள் வட்டியோடு பணம் பெருகியிருந்தது. கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாகி, அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியில் 1842-ல் பள்ளி திறந்தார்கள். அதுதான் பிற்காலத்தில் பச்சையப்பன் கல்லூரி ஆனது. இன்று அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் கல்லூரிதான் ஞாபகம் வருகிறது. அது அவர் கண்ட கனவே இல்லை. கண்ட கனவைவிட நல்லதாக அமைந்தது என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நடுவில் போன நாற்பதுக்கு மேற்பட்ட வருடங்களை யார் கணக்கில் எழுதுவது? நல்ல உயிலும் நிறையப் பணமும் மட்டும் இருந்தால் போதாது, கேள்வி கேட்கிற நிர்வாகி வேண்டும்.

அதனால் டிரஸ்டிகள் யார் என்ற இடத்தில் நான் நிறைய வாதாடுவேன். கணவர், மனைவி, மைத்துனர் என்று மூன்று பெயரோடு வருவார்கள். வீட்டில் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் கூட்டம் போட்டு என்ன தீர்மானம் போடுவார்கள்? வெளியாள் ஒருவராவது வேண்டும், அவர் உங்களிடம் "இந்த பில் எங்கே?" என்று முகத்துக்கு நேரே கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பேன். நர்ஸ் அக்கா, தன்னோடு வேலை பார்த்து, பதினைந்து வருடம் தன்னோடு ஒத்துப்போகாத இன்னொரு நர்ஸம்மாவின் பெயரைச் சொன்னார். "அவளுக்கு என்னைப் புடிக்காது. ஆனா ஒரு பஞ்சுகூட கணக்கில்லாம வெளிய விடமாட்டா." நான் எழுதிய பத்திரங்களில் இவ்வளவு நல்ல டிரஸ்டி தேர்வு வேறு எதிலும் இல்லை.

பதிவு செய்வது பெரிய விஷயமில்லை. அசையாச் சொத்து எதுவும் சேர்க்கவில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். இரண்டு சாட்சி, அடையாள அட்டை, போட்டோ. பிறகு பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையின் தற்காலிகப் பதிவு, அதற்கு மூன்று ஆண்டு ஆயுள், அதற்குள் வேலையைத் தொடங்கி முறையான பதிவுக்குப் போக வேண்டும். வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டாலும், டிரஸ்ட்டுக்குக் கிடைக்கும் வரிவிலக்குப் பதிவை 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வரிச்சலுகையை 80ஜி என்றுதான் எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறோம். இன்னும் பத்து வருடத்துக்கு அப்படித்தான் பேசுவோம் என்று நினைக்கிறேன்.

80ஜி வாங்கிவிட்டால் நன்கொடை கொட்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொட்டாது. புதிய வரி முறையில் இருக்கிறவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கும் கிடையாது. கொடுப்பவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், சான்றிதழைப் பார்த்து அல்ல. வெளிநாட்டுப் பணம் பற்றிய கேள்வியும் கட்டாயம் வரும். கனடாவில் இருக்கிற மச்சான் மாதாமாதம் அனுப்புவதாகச் சொல்லியிருப்பார். அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினையில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொட முடியாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருட அனுபவமும் அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் கேட்பார்கள். மச்சானிடம் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டால் அவமானப்படுத்தியதாக நினைத்துக்கொள்வார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பொருளாக வாங்குவதில் இன்னும் பெரிய சிக்கல். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரம் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்துகொண்டிருந்தன. கரையோரத்து மக்கள் எல்லாவற்றையும் இழந்து நின்றார்கள். ஆனாலும் அவர்களுக்கும் எதை உடுத்துவது என்று ஒரு மனம் உண்டல்லவா? அந்த மலையைப் பிரித்துத் தரம்பார்த்துப் பயன்படுத்தும் வேலையை டெல்லியிலிருந்து வந்த கூஞ்ச் அமைப்பு எடுத்துச் செய்தது. துணியைச் சேகரிப்பதைவிடப் பிரிப்பதுதான் வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "பழைய துணி கலெக்ட் பண்ணிக் குடுக்கலாம்னு இருக்கோம்" என்று உற்சாகமாக வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம், எங்கே வைத்துப் பிரிப்பீர்கள், கிழிந்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். முகம் வாடிப்போகும். ஆனால் அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதிலோடு திரும்பி வந்த குழு ஒன்று உண்டு. அவர்களுக்குப் பத்திரம் எழுதக் காசு வாங்கவில்லை.

வருகிற எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. சிலரிடம் "ஆரம்பிக்காதீங்க" என்று சொல்வதுதான் நியாயம். வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலையைத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: பசி என்று வருகிறவருக்கு, யார் என்று கேட்காமல் சோறு. அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அந்த அடுப்பு எரிகிறது. அன்னதானம்தான் ஆசை என்றால் எரிகிற அடுப்புக்கு அரிசி கொடுக்கலாமே, புது அடுப்பு எதற்கு? நடக்கிற நல்ல காரியம் ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடம் வேலை பாருங்கள், அதற்குப் பிறகும் தனியாக வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள் என்று அனுப்புவேன். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. சிலர் அந்த இடத்திலேயே வேர்விட்டு நன்றாக வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். என் வருமானத்துக்கு நஷ்டம்தான். பெயர்ப்பலகைக்காகவே டிரஸ்ட் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நோக்கத்துக்கு முன்னால் லெட்டர்பேடு டிசைனைக் காட்டுவார்கள்.

கலைப்பு என்ற பிரிவைக் கடைசியில் எழுதுவோம். டிரஸ்ட்டை நடத்த முடியாமல் போனால் மீதியுள்ள பணமும் பொருளும் இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போகும், நிறுவனர் குடும்பத்துக்குத் திரும்பாது. இதைப் படிக்கும்போது பலருக்கு முகம் சுருங்கும். "நல்ல காரியம் ஆரம்பிக்கும்போதே இதையெல்லாம் எழுதணுமா?" நல்ல நாளிலேதான் எழுத முடியும், கெட்ட நாளில் டிரஸ்டிகள் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று சொல்லி எழுதிவிடுவேன்.

இப்போது ஒரு தலைமையாசிரியரின் வரைவு என் மேசையில் நிற்கிறது. பத்தாம் வகுப்பில் தவறியவர்களைத் திரும்பப் பரீட்சை எழுத வைப்பது நோக்கம். சாயங்கால வகுப்பு, பரீட்சைக் கட்டணம், விண்ணப்பம். முதல் பத்தி பிரமாதமாக வந்திருக்கிறது, நான் ஒரு சொல்கூடத் திருத்தவில்லை. சிக்கல் பதினான்காவது பிரிவில். தனக்குப் பிறகு மூத்த மகன்தான் நிர்வாக அறங்காவலர் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் அந்த மகன் எனக்குத் தனியாகப் போன் பண்ணினார். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். மாசாமாசம் பணம் அனுப்புறேன், அது எவ்வளவு வேணும்னாலும் சரி. ஆனா இதை வந்து நடத்துறது என்னால ஆகாது." நேர்மையான பேச்சு. அதனால் அந்தப் பிரிவில் மகன் பெயரை எடுத்துவிட்டு, 'அறங்காவலர்கள் பெரும்பான்மையால் தேர்ந்தெடுக்கும் ஒருவர், முடிந்தவரை இந்த வகுப்புகளில் படித்துத் தேறியவர்களில் ஒருவர்' என்று போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை சார் வருகிறார். போன் வந்ததைச் சொல்லாமல் இந்த வாசகத்துக்கு அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவரிடம் படித்துத் தேறிய பையன் ஒருவன் இப்போது ரயில்வேயில் இருப்பதாக ஒருமுறை பெருமையாகச் சொன்னார். அவனைப் பற்றிய பேச்சிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.